எடை போடும் துரை

பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, அடிமட்டத்தை நேராக வைத்து, தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழிக்கிறார் ரோலண்ட் பிக்ஸ்பி. இடப்பக்கம் 'நன்மை', வலப்பக்கம் 'தீமை'. தலைப்பில் இன்றைக்கு 'பனாமா' என்று எழுதியிருக்கிறது. நேற்று கிரீஸ். போன வாரம் முழுக்க மலேசியா. இத்தனை நாடுகளையும் அவர் அலசுவது போர்ச்சுகலின் தென்கோடியில், மீன் சந்தைக்கு எதிரே, இடாலினாவின் காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு. பதினோரு குளிர்காலமாக அதே மேசை, அதே நாற்காலி, தலையில் அதே தொப்பி. வெயில் நகர நகர நாற்காலியும் நகரும்.

காபிக் கடைக்கு வந்து அவர் காபி குடித்ததில்லை. சட்டைப் பையிலிருந்து சொந்தத் தேயிலைப் பொட்டலத்தை எடுத்துக் கோப்பையில் போட்டுவிட்டு, "வெந்நீர் மட்டும் குடு, மரியா" என்பார். இடாலினாவுக்கு மரியா என்று பெயர் வைத்தது அவர்தான். முதல் நாள் வந்தபோது வைத்தார். அந்த நாட்டுப் பெண்களுக்கெல்லாம் அதுதான் பெயர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கடைப் பலகையில் 'இடாலினா' என்று முழ உயரத்துக்கு நீலத்தில் எழுதியிருக்கிறது. அதைக் கடையின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"திருத்திச் சொல்லேன்டி" என்று மீன்காரிகள் அவளிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

"தெரிஞ்சுக்கணும்னு இருந்தா கேட்டிருப்பாரு. கேக்காத மனுசனுக்கு எதுக்கு என் பேரு?" என்றாள் இடாலினா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ரோலண்டுக்கு இங்கிலாந்தில் ஒரு பிஸ்கட் ஆலையில் முப்பத்தெட்டு வருடம் தரம் பார்க்கிற வேலை. ஓடுகிற வார்ப்பட்டையில் வரும் பிஸ்கட்டுகளில் விரிசல் விட்டதையும் விளிம்பு கருகியதையும் பொறுக்கி எறிய வேண்டும். ஓய்வு பெற்றபோது கைக்குத்தான் ஓய்வு கிடைத்தது, கண்ணுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கண்ணால்தான் இப்போது நாடுகளைப் பார்க்கிறார். எந்த நாட்டை எடுத்தாலும் எங்கோ ஒரு விரிசல் தெரிந்துவிடுகிறது.

ஓய்வூதியக்காரர்களுக்கு எந்தெந்த நாடு விசா தருகிறது, என்னென்ன சலுகை தருகிறது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வரிச் சலுகை, இருதய ஆஸ்பத்திரிக்கு எத்தனை மைல், கொசு, பூகம்பம், பல் வைத்தியம், ஆங்கிலம் பேசும் குழாய் ரிப்பேர்காரர் கிடைப்பாரா மாட்டாரா, எல்லாம் பட்டியலில் இருக்கும். செத்தால் எரிப்பதா புதைப்பதா, எந்த ஊரில் தொல்லை குறைவு என்பதற்குத் தனித் தாள். வாழ்வதற்கு ஒரு ஊர் தேடுகிறவர் எரிப்பதற்கு இத்தனை நுணுக்கம் பார்ப்பானேன் என்று இடாலினாவுக்குப் புரிந்ததே இல்லை.

"மரியா, இங்க வருசத்துக்கு எத்தனை நாள் மழை பெய்யும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"பெய்யுறப்போ நனைவோம் சார். யாரு எண்ணினா?"

"அது பதில் இல்லையே. எல்லாத்தையும் எடை போட்டுப் பாக்கணுமில்ல?"

எல்லாத்தையும் எடை போட்டுப் பாக்கணுமில்ல. இந்த ஒரு வாக்கியத்தை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். இடாலினாவின் அப்பா இருபத்திரண்டு வயதில், தோளில் ஒரு மூட்டையோடு, எல்லைக் காவலர் கண்ணில் படாமல் மலை ஏறி இறங்கி பிரான்சுக்கு நடந்தே போனவர். அங்கே முப்பது வருடம் செங்கல் சுமந்தார். அவர் தாளும் எடுக்கவில்லை, கோடும் கிழிக்கவில்லை. வீட்டில் சாப்பாடு இல்லை, கிளம்பினார், அவ்வளவுதான். இந்த மனிதர் பென்சிலை நக்கும்போதெல்லாம் அவளுக்கு அப்பாவின் பாதம் ஞாபகம் வரும். கூடவே எரிச்சலும் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விசா விஷயத்தில் யோசனை கேட்க ஊரில் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் தேடி வருவது அவரிடம்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு அமெரிக்கத் தம்பதி ஒரு காலைப் பொழுது முழுக்க அவர் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அடுத்த பாதாம் பூக்கும் பருவத்துக்குள் விசா வாங்கி, வீடு வாங்கி, நாய்க்குட்டியும் வாங்கிவிட்டார்கள். இப்போது தினமும் அந்த நாயோடு வந்து, "என்ன ரோலண்ட், முடிவு பண்ணியாச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். "அவசரப்பட்டுட்டாங்க" என்பார் அவர், அவர்கள் முதுகைப் பார்த்து.

முன்பெல்லாம் வேண்டிய மட்டும் தங்கலாம். அவருடைய நாட்டுக்காரர்களே ஓட்டுப் போட்டு ஐரோப்பாவை விட்டுப் பிரிந்த பிறகு வந்த வினை, ஆறு மாதத்துக்குத் தொண்ணூறு நாள்தான் என்ற கட்டு. நீங்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீர்கள் என்று சந்தை வாசலில் சீட்டாடுகிற அமில்கார் ஒருமுறை கேட்டார். சூரை மீன் பிடித்து ஓய்ந்த கிழவர், வாய் சும்மா இருக்காது.

"ரெண்டு பக்கத்தையும் எடை போட்டுக்கிட்டே இருந்தேன். நேரம் முடிஞ்சிருச்சு" என்றார் ரோலண்ட்.

அமில்கார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சீட்டு அத்தனையும் எதிராளிக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் 'எடை போடும் துரை' என்ற பெயர் நிலைத்தது.

அவருக்கு நோரீன் என்று ஒரு மனைவி இருக்கிறாள். நாடுகளின் பட்டியலில் அவளுக்கு இடம் கிடைத்ததில்லை. நன்மையிலும் இல்லை, தீமையிலும் இல்லை. அவர் கோடு கிழித்துக்கொண்டிருந்த வருடங்களில் அவள் மீன்காரிகளிடம் பேசிப் பேசியே மொழி கற்றாள். யார் மகளுக்கு எத்தனையாவது மாதம், யார் வீட்டு எலுமிச்சை இந்த வருடம் காய்க்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கணவர் பதின்மூன்றாவது நாட்டை அலசிக்கொண்டிருந்தபோது தன் காகிதங்களைத் தானே சேர்த்து, தானே விண்ணப்பித்து, போன வருடம் ஓய்வு விசா வாங்கிவிட்டாள். "நீங்க நாடு நாடா சுத்திட்டு வாங்க. நான் இங்க இருக்கேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இந்த ஊரில்தான் வசிக்கிறார் என்று ஊராட்சி அலுவலகம் சான்று தர வேண்டுமென்றால், ஊர் வாக்காளர் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நோரீனுக்கு நாலு பேர் போனார்கள். ரெண்டு போதும் என்று குமாஸ்தா சொல்லச் சொல்ல, நான் முந்தி நீ முந்தி என்று அலுவலகத்திலேயே சண்டை. கடைசியில் போட்ட இருவரில் இடாலினா ஒருத்தி. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து கடையில் இருந்த எல்லாருக்கும் தன் செலவில் காபி கொடுத்தாள்.

மனைவி வழியில் ரோலண்டுக்கும் அனுமதி கிடைக்கும். அவருக்கும் அதே சான்று வேண்டும், அதே இரண்டு கையெழுத்து. வருகிற வெள்ளிக்கிழமை அவருடைய தொண்ணூறாவது நாள். அதற்குள் சான்று கொடுத்தால் மனைவியோடு இருக்கலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், அடுத்த மூன்று மாதம் பிஸ்கட் ஆலை ஊரில் தனியாக. நோரீனிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "யார்கிட்டயாவது சொல்லி வாங்கிக் குடேன்."

"முடியாது. பதினோரு வருசம் உக்காந்த ஊரு. ரெண்டு பேரு உங்களுக்கே கிடைக்கணும்" என்றாளாம் அவள். மீன் சந்தையில் இந்தப் பேச்சு பரவ அரை மணி நேரம் ஆகவில்லை.

அமில்கார் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏன் போட்டாய் என்று இடாலினா கேட்டதற்கு, "அந்தத் தொப்பிய எனக்கு நல்லாத் தெரியும். தொப்பிக்குத்தான் சாட்சி சொன்னேன், ஆளுக்கு இல்ல" என்றார்.

புதன்கிழமை காலை, வெயில் விழும் முன்பே துரை கடைக்கு வந்தார். தேயிலைப் பொட்டலம் வெளியே வரவில்லை.

"ஒரு காபி" என்றார். "பாலோட. அப்புறம் அந்த முட்டைப் பணியாரமும் ஒண்ணு."

இடாலினா ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருடமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பணியாரம் இருக்கிறது, இன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்து, "பிரமாதம்" என்றார். அந்தப் பாராட்டு அவளுக்குக் கசந்தது.

நோட்டுக்கு அடியிலிருந்து படிவம் வெளியே வந்தது. "சின்ன விசயம்தான், மரியா. நம்ம இத்தனை வருசமாப் பழகினவங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அவள் ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தாள். அமில்காரின் கோணல் கையெழுத்து மேலே இருந்தது. அதற்குக் கீழே, சாட்சியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில், அழகான எழுத்தில் 'மரியா' என்று அவரே எழுதி, மீதியை வெறுமையாக விட்டிருந்தார்.

"மீதிப் பேரு எனக்குத் தெரியல. நீங்களே பூர்த்தி பண்ணிடுங்க" என்றார்.

இடாலினா படிவத்தைச் சத்தமாகவே படித்தாள். சந்தை வாசலில் சீட்டாட்டம் நின்றது. "'மேற்படி நபரை நான் நன்கு அறிவேன்.' இப்படிப் போட்டிருக்கே சார்."

"அது சும்மா வழக்கமா எழுதுறது."

"இல்ல சார், நெசந்தான். நான் உங்கள நல்லாவே அறிவேன். தேயிலை எந்தப் பைல இருக்கும், எந்த நேரத்துல நாற்காலி நகரும், எந்த நாட்டுல கொசு அதிகம், எல்லாம் அறிவேன்."

"அப்போ போட்டுடலாமே" என்றார் அவர். "வெள்ளிக்கிழமை கடைசி. நோரீன் இங்க இருக்கா. நான் மட்டும் அங்க போய் என்ன பண்ணுவேன்?"

பதினோரு வருடத்தில் அவர் கேட்ட கேள்விகளிலேயே இது ஒன்றுதான் நிஜமான கேள்வி என்று இடாலினாவுக்குத் தோன்றியது. அதற்காக மனசு இளகிவிடவில்லை. அவர் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த மேசையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இருங்க சார். எல்லாத்தையும் எடை போட்டுப் பாக்கணுமில்ல?"

படிவத்தை ஓரமாக வைத்தாள். அவருடைய நோட்டை இழுத்து, பனாமாவைத் தாண்டி ஒரு புதுத் தாளைத் திருப்பினாள். அடிமட்டத்தை நேராக வைத்து நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்தாள். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, தலைப்பில் 'ரோலண்ட் பிக்ஸ்பி' என்று ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினாள்.