கண்ணாடியில் தெரியாத கதவு

உக்கிரபாண்டியின் வாடகைக் காருக்குப் பின்கதவுப் பூட்டு தேய்ந்து பல வருஷமாயிற்று. கதவு திறந்துகொள்ளுமோ என்று பக்கக் கண்ணாடியில் அதை மட்டுமே பார்த்து ஓட்டுவார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் கவனித்ததில்லை.

அன்று கோவில்பட்டி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பரமசிவன் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டார்.

"சொந்த வண்டியவா பாக்குதீய அண்ணாச்சி? பக்கத்துல வாரவன்லா தெரியணும்!"

இடைசெவல் ரோட்டில் கண்ணாடி முழுக்கப் பருத்திக்காடு. கதவு இருக்கிறதா, போயிற்றா என்றே அவருக்குப் புரியவில்லை. திடீரென்று அதில் ஒரு மோட்டார்சைக்கிள்காரன் தெரிந்தான்.

"அண்ணாச்சி, பின்கதவு தொறந்து கெடக்கு!"

பதறிக் கண்ணாடியை உள்ளே திருப்பினார். கதவு ஆடுவது தெரிந்தது. ஆளைக் காணவில்லை.

"ஏலே, எங்க போயிட்ட?"

"இங்கனதான வாரேன்!" என்றது காதோரத்தில் குரல்.