நந்தி மலையில் பிறந்து கடலூரில் கடல் சேரும் ஆறு

இந்த மாதிரி நினைவு மலர்களில் முதல் வரியிலேயே ஓர் ஆலமரம் சாய்ந்துவிடும். அடுத்த வரியில் ஒரு விளக்கு அணைந்துவிடும். அண்ணனுக்கு இரண்டுமே பிடிக்காது. "ஆலமரம் சாஞ்சா ரோட்டுல டிராபிக் ஜாம் ஆயிடும் பாப்பா, வேற ஏதாச்சும் எழுது" என்றிருப்பார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களில் பாதிப் பேராவது, கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அது பொய். அந்தப் பொய்யை ஒரு தடவையாவது அச்சில் மறுக்க வேண்டும் என்றுதான் அண்ணி இந்த மலரைப் போடச் சொன்னார். "நீதான் எழுதணும். நம்ம வீட்டுல உனக்குத்தான் வாய் இருக்கு" என்றார். இருக்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அண்ணன் பிறந்தது பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் பக்கத்துச் சந்தில். எங்கள் அப்பா ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கறிக்கடையில் உருது என்று மூன்றையும் அண்ணன் ஒரே மூச்சில் பேசுவார். அவர் கல்லூரியில் படிக்கும்போது அப்பா திடீரென்று காலமானார். படிப்பை நிறுத்திவிட்டு, தமிழ்ச் சங்க விழாக்களில் மைக் பிடிக்கப் போனார். பேச்சாளர் வரத் தாமதமானால் கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க, மேடையிலிருந்தே கேள்வி கேட்க ஆரம்பித்தார். பதில் சொன்னவருக்கு ஒரு வாழைப்பழம். கடைசியில் பேச்சாளர் வந்து நின்றபோது, "அவரை அப்புறம் பேசச் சொல்லுங்க, இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க" என்று கூட்டம் கத்தியதாம். அப்படித்தான் ஆரம்பித்தது அவருடைய பிழைப்பு.

வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குத் தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்தார். தலை நரைக்கும் வரை தற்காலிகமாகவே இருந்தார் என்பது வேறு விஷயம். ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு தொழிற்சாலை வாசல்களுக்குப் போவார். ஷிப்டு முடிந்து வருகிற தமிழ்த் தொழிலாளிகளை நிறுத்திக் கேள்வி கேட்பார். அவருக்குப் பெண் பார்க்கப் போனபோது அண்ணியின் தாய்மாமா, "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "கேள்வி கேக்கிற உத்தியோகம்" என்றேன். "அதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கிறாங்க?" என்று அவர் வாயைப் பிளந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவுக்கு மருத்துவம் பார்த்தார், என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார், கட்டிக்கொடுத்தார்.

அவருடைய நிகழ்ச்சியில் இரண்டு வழக்கங்கள் உண்டு. கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். யாராவது தப்பாகப் பதில் சொன்னால், "தவறு" என்று சொல்லவே மாட்டார். "அடடா, வாசல் வரைக்கும் வந்துட்டீங்க!" என்பார். இன்னொன்று, தோற்றுப்போனவரைச் சும்மா அனுப்ப மாட்டார். "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டு, அந்த ஊரைப் பற்றியே ஒரு கேள்வி போடுவார். அதற்கு ஊர்க் கேள்வி என்று பெயர். சொந்த ஊரைப் பற்றித் தெரியாமல் இருப்பார்களா? பளிச்சென்று பதில் வரும். கைதட்டல் கிடைக்கும். "பிழைக்க வந்த ஊர்ல ஆயிரம் பேர்கிட்ட தெரியாது தெரியாதுன்னு நிக்கிறாங்க பாப்பா. நம்மகிட்ட வந்தும் தெரியாதுன்னு சொல்லிட்டுத் திரும்பக் கூடாது" என்பார். இதற்காகவே நூலகத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகப் படித்துவைத்திருந்தார். அவர் தலைக்குள் தமிழ்நாடும் கர்நாடகமும் தெருத் தெருவாக இருந்தன.

பிறகு தொலைக்காட்சி வந்தது. பெங்களூர்த் தமிழர்களுக்கென்று நடந்த ஓர் அலைவரிசை. பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணனின் வினா விடை நிகழ்ச்சி. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். கல்யாண வரவேற்பா, குடியிருப்புச் சங்க விழாவா, அண்ணன்தான் மைக் பிடிக்க வேண்டும். அப்போது நமக்குத்தான் எத்தனை உறவுகள்! பத்திரிகை கொடுக்கக்கூட வராதவர்கள், முன் வரிசையில் இடம் கேட்டு வந்தார்கள். அண்ணி காபி போட்டே கை ஓய்ந்தார். அண்ணன் எல்லோருக்கும் இடம் வாங்கிக் கொடுத்தார்.

இனி அந்தப் பொங்கல் நிகழ்ச்சி. நீங்கள் ஒரு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நான் அரங்கில் மூன்றாவது வரிசையில் அண்ணியோடு உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நேரலை. இறுதிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண். சொந்த ஊர் திருக்கோவிலூர். இன்னொருவர் நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடைக்காரரின் மைத்துனர். அண்ணன் கையில், தயாரிப்பாளர் கொடுத்த அட்டைகள். கேள்வி இதுதான்: "நந்தி மலையில் பிறந்து, கடலூருக்குப் பக்கத்தில் கடலில் கலக்கும் ஆறு எது?"

அண்ணன் கேட்டு முடிப்பதற்குள் மைத்துனர் மணியை அடித்து, "தாமிரபரணி!" என்றார்.

அரங்கில் ஒரு முணுமுணுப்பு. தாமிரபரணி எங்கே, நந்தி மலை எங்கே? அண்ணன் அட்டையைப் பார்த்தார். அதிலும் தாமிரபரணி என்றுதான் இருந்ததாம்; இதெல்லாம் அண்ணன் பிறகு சொன்னது. அடுத்த அட்டையைப் புரட்டினார். அது பொதிகை மலையில் பிறக்கும் ஆற்றைப் பற்றிய கேள்வி. தயாரிப்பாளரின் ஆட்கள் விடைகளை நகல் எடுக்கும்போது ஒரு வரி தள்ளி எழுதிவிட்டார்கள். அது கவனப்பிசகு, யாருக்கும் வரும். ஆனால் அந்தத் தப்பு விடை மைத்துனர் வாய்க்கு எப்படி வந்தது? முன்னாலேயே கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். பாவம், அவரும் சிரத்தையாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

அண்ணனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. அவருடைய வழக்கமான சிரிப்போடு, "தம்பி, நீங்க பயங்கர வேகம். அடுத்த கேள்விக்கு இப்பவே பதில் சொல்லிட்டீங்க!" என்றார். அரங்கம் அதிரச் சிரித்தது. ஜவுளிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"தென்பெண்ணை சார். எங்க ஊரு ஆறு, எனக்குத் தெரியாதா?"

"நூத்துக்கு நூறு சரி. அட்டையில தப்பா இருக்கு. அம்மாதான் ஜெயிச்சாங்க" என்றார் அண்ணன்.

உடனே விளம்பரம் போட்டார்கள். விளம்பரம் முடிந்தபோது மேடையில் அண்ணன் இல்லை. வேறொரு பையன் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றான். "நமது தொகுப்பாளருக்குத் திடீரென உடல்நிலை சரியில்லை. ஒரு சிறு குழப்பம் நேர்ந்துவிட்டது" என்று சொல்லி, மைத்துனரின் கையில் கோப்பையைக் கொடுத்தான். அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் கேரியர். நானும் அண்ணியும் மேடைக்குப் பின்னால் ஓடினோம். அங்கே தயாரிப்பாளர் அண்ணனிடம், "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போயிருக்கலாமில்ல?" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. அண்ணனுக்குப் போய்ச் சட்டைப் பித்தானை அவிழ்த்து விசிறிக்கொண்டிருந்தார்கள், நோயாளியாம்.

அதற்கப்புறம் பரப்பினார்கள். வயசாகிவிட்டது, மறதி வந்துவிட்டது, மேடையிலேயே கேள்வியையும் பதிலையும் குழப்பிவிட்டார் என்று. வினா விடை நடத்துகிறவருக்கு மறதி என்றால், சமையல்காரருக்குக் குஷ்டம் என்று சொன்ன மாதிரி. அதன் பிறகு யார் கூப்பிடுவார்கள்? கல்யாணங்கள் நின்றன, சங்க விழாக்கள் நின்றன. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். நம் சொந்தங்கள் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் சித்தப்பா மகன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். வந்து உட்கார்ந்து, குழந்தையிடம் கேட்பதைப் போலக் குரலை இழுத்து, "அண்ணா, இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க பாப்போம்?" என்றான். அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எங்க வீட்டுக்கு வந்திருக்கியே, ஆபீஸ் லீவாத்தான் இருக்கணும். ஞாயித்துக்கிழமை" என்றார். அவன் வெளியே போய், "பாவம், யோசிச்சு யோசிச்சுத்தான் சொல்றாரு" என்று ஊரெல்லாம் சொன்னான். இதையும் அவன் படிப்பான். நன்றாகப் படிக்கட்டும்.

அண்ணன் வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிகழ்ச்சி முடிவில், "அந்தக் கேள்விக்குச் சரியான விடை தென்பெண்ணை" என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பத்து நொடி ஆகுமா? பல தடவை நேரில் போனார். போகும்போதெல்லாம் "பாக்கலாம் சார்" என்றார்கள். பிறகு காவலாளியே வாசலில் நிறுத்தினான். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு உட்காருவார். அண்ணி, "அந்தச் சனியனை எதுக்குங்க பாக்கறீங்க?" என்று சேனலை மாற்றப் போவார். "இரு, இன்னைக்குச் சொன்னாலும் சொல்லுவாங்க" என்பார். நிகழ்ச்சி முடிந்து, திரையில் கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை பார்ப்பார். அப்புறம் எழுந்து சாப்பிடப் போவார். அந்த முகத்தைப் பார்த்தவள் நான். எனக்கு அவர்களை மன்னிக்கத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் சேர்த்தபோது, மறதி என்று யாரோ சொல்லிவைத்திருந்ததால் மருத்துவர் சோதித்துப் பார்த்தார். பெயர், ஊர், தேதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன அண்ணன், "நிம்ம ஊரு யாவுது டாக்டர்?" என்று கன்னடத்தில் அவர் ஊரைக் கேட்டார். "ஹாசன்" என்றார் அவர். "அப்போ ஹேமாவதி ஆறு எந்த அணைக்கட்டுல காவிரியோட சேருது?" மருத்துவர் சிரித்துக்கொண்டே, "கே.ஆர்.எஸ். சார்" என்றார். "சபாஷ்!" என்று அண்ணன் படுத்தபடியே கைதட்டினார். மருத்துவர் வெளியே வந்து எங்களிடம், "அவருக்கு மெமரி பர்ஃபெக்ட்டா இருக்கும்மா. ஹார்ட்தான் வீக்" என்றார். அதுதான் அண்ணன் கேட்ட கடைசி ஊர்க் கேள்வி.

அவர் போன அன்று மாலையே அந்த அலைவரிசையில் படம் போட்டு, "நீண்ட காலம் நினைவாற்றல் இழந்து அவதியுற்ற நமது முன்னாள் தொகுப்பாளர்" என்று சோக இசையோடு வாசித்தார்கள். செத்த பிறகும் விடவில்லை. மறுநாள் அந்தத் தயாரிப்பாளர், பெரிய மலர் வளையமும் ஒரு கேமராவுமாக நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அம்மா, உள்ள வந்து ரெண்டு நிமிஷம் எடுத்துக்கறோம்" என்றார். நான் கதவை மறித்து நின்றேன். "வாசல் வரைக்கும் வந்துட்டீங்க. போதும்" என்றேன். அவருக்கு அந்த வாக்கியம் நன்றாகவே தெரியும். தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அதே வாசலில், கூட்டத்துக்குப் பின்னால், ஹெப்பகோடிப் பெண் நின்றிருந்தார். ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்திருந்தார். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான்தான் சரின்னு சொன்னாரும்மா. அதுக்காக அவரையே ஒழிச்சுட்டாங்களே" என்று அழுதார். அண்ணி அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதார்.

அஸ்தி கரைக்கும் பேச்சு வந்தபோது, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வேன் பேசிவிட்டதாகச் சித்தப்பா மகன் வந்து நின்றான். "எல்லாரும் அங்கதானே அண்ணி போறாங்க? காவிரி, புண்ணியம்." அண்ணி வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசாதவர். "புண்ணியம் இருக்கட்டும்ப்பா. அவரு எந்த ஆத்தைச் சொன்னாரோ அந்த ஆத்துலதான்" என்றார். அவன் என்னைப் பார்த்தான். "என்னை ஏன்டா பாக்கறே, வேனைத் திருப்பு" என்றேன்.

திருக்கோவிலூருக்குப் போனோம். ஹெப்பகோடிப் பெண் லீவு போட்டுவிட்டு வழிகாட்ட வந்தார். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஓடியது. நம் பெங்களூர்ச் சாக்கடையும் கலந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அங்கே தெளிவாகத்தான் இருந்தது. சடங்கு செய்ய வந்த புரோகிதர் சங்கல்பத்துக்கு முன்னால், "எந்த ஆத்தங்கரைன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும், எல்லாரும் கூடவே சொல்லுங்கோ" என்றார். சித்தப்பா மகன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். அவனும் ஆற்றின் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. உரக்கவே சொல்ல வைத்தேன்.

நன்றி சொல்ல வேண்டியது கடமை. நினைவு சரியாக இருக்கிறது என்று வாய் திறந்து சொன்ன அந்த மருத்துவருக்கு நன்றி. ஒரு நாள் கூலியை விட்டு எங்களோடு வந்த ஹெப்பகோடித் தங்கைக்கு நன்றி. அண்ணனுக்கு இனி இரண்டு தங்கைகள். தூக்குவதற்குத் தோள் கொடுத்த அல்சூர் ஆட்டோ நிலையத் தம்பிமார்களுக்கு நன்றி. மற்றவர்கள் வந்தீர்கள், சாப்பிட்டீர்கள், அதற்கும் நன்றி.

அண்ணி இன்னமும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருகிறார். கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை பார்க்கிறார். அவர்கள் சொல்லப்போவதில்லை. அதனால் இந்த மலரை வாங்கிய ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டில் இதை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். நந்தி மலையில் பிறந்து கடலூருக்குப் பக்கத்தில் கடலில் கலக்கும் ஆறு தென்பெண்ணை. அண்ணன் இப்போது அதில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.