கானா ஸ்டூலும் எங்கட முதலாளியும்

ஹனோவரில நான் வேலை செய்யிற தளபாடக் கடையில இண்டைக்கு நடந்தது. இன்னும் கோவம் அடங்கேல்லை.

கானாவில இருந்து கையால செதுக்கின மர ஸ்டூல்கள் வந்திருக்கு. என்னோட வேலை செய்யிற குவாமேயும் கானாக்காரன். ஆரும் இருக்காத ஸ்டூலை அவன் சரிச்சு வைப்பான். நிமித்தி வைச்சால் அலையிற ஆவி வந்து குந்திடுமாம். அது அவன்ர ஊர் வழக்கம்.

முதலாளி எல்லாருக்கும் முன்னால கத்தினார்: "உடைஞ்ச சாமான் எண்டு சனம் நினைக்கும். உந்த மூடநம்பிக்கையை வீட்டில வைச்சுக்கொள்!"

குவாமே எல்லாத்தையும் நிமித்தினான்.

அஞ்சு நிமிசம் போகேல்லை. முதலாளியின்ர அதே வாய், ஸ்டூல் வாங்க வந்த மனுசியிட்டச் சொல்லுது: "இதுக்குள்ள ஆபிரிக்காவின்ர ஆன்மா இருக்கு!"

எனக்கு விசர் வந்திட்டுது.

நாளைக்கு வெள்ளன போய் அவற்ர கதிரையைச் சரிச்சு வைக்கப்போறன். ஆர் கூட வாறியள்?