பரீனா இல்லாத ஒத்திகை

ஜின் இரிக்கிண்டு குர்ஆன்ல வந்திரிக்கி, அத நான் மறுக்கல்ல. ஆனா புளியமரத்தில இரிக்கி, கிணத்தடியில நிக்கிண்டு சனம் கதைக்கிற கதையள நான் ஒருநாளும் நம்பின இல்ல. இத நான் சொன்னா ஆக்கள் சிரிக்கிறவங்க, நீங்களும் சிரிங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

எண்பதுகள்ட தொடக்கம் அது. நான் சாய்ந்தமருதுக்காரி. கடக்கரக்குக் கிட்ட இரிந்த ஒரு ஆசிரியர் கலாசாலையில படிச்சிக்கிட்டிரிந்தன். மத்தப் புள்ளயளெல்லாம் கணக்கு, விஞ்ஞானம் எண்டு எடுக்க நான் நாடகமும் அரங்கியலும் எடுத்தன். வாப்பா கல்முனைப் பஸார்ல புடவக்கட வெச்சிரிந்தாரு, விசயம் காதுக்கு எட்டின அண்டைக்கே கடையப் பூட்டிட்டு ஹொஸ்டல் கேற்றடிக்கு வந்திட்டாரு.

"கூத்தாடவா மகள் ஒன்ன அனுப்பின?"

"இல்ல வாப்பா. டீச்சராத்தான் வருவன். புள்ளயளுக்கு நாடகமும் படிப்பிப்பன்."

"சரி, இந்த வருசம் பாஸ் பண்ணிக் காட்டு. இல்லாட்டிப் பொட்டியக் கட்டிக்கிட்டு வந்திரு, மாப்புள பாத்தாச்சி" எண்டுட்டுப் போயிட்டாரு. அண்டைக்கு மனசுக்குள்ள முடிவெடுத்தன், என்ன வந்தாலும் பாஸ் பண்ணாம ஊட்டுக்குப் போறதில்லண்டு.

பரீட்சைக்கு ரெண்டு பேராச் சேந்து ஒரு சின்ன நாடகம் போடணும். என்ட சோடி பரீனா, நிந்தவூர்ப் புள்ள. கடலுக்குப் போன புருசனக் காணாமத் தவிக்கிற மருமகள் நான். ஸ்டூல்ல இரிந்துக்கிட்டே கதைக்கிற வயசு போன மாமி அவ. நான் புருசன் கழட்டிப் போட்ட சேட்டக் கையில வெச்சிக்கிட்டே கதைக்கணும், கடைசியிலதான் அதக் கழுவணும், அதுதான் எங்கட காட்சி. நாங்களே எழுதினது.

பரீட்சைக்கு முதல் நாள் காலத்தால பரீனாட நானா வந்து, தங்கச்சி காய்ச்சல்ல எழும்ப ஏலாமக் கெடக்கா எண்டுட்டுப் போறாரு. எங்களுக்கு நாடகம் படிப்பிச்ச சேர் ஆலையடிவேம்புக்காரர், நல்ல மனிசன். அவரும் கையை விரிச்சிட்டாரு.

"தனியச் செய்ய ஏலாது பிள்ளை. அடுத்த வருசம் பாப்பம்."

"எனக்கு அடுத்த வருசமெண்டு ஒண்டு இல்ல சேர். ஸ்டூல வெறுமனே வெச்சிட்டு நான் செய்யிறன். மாமி அதில இரிக்கா எண்டு பாக்கிறாக்கள நம்ப வெக்கிறது என்ட பொறுப்பு."

"சரி, செய்து காட்டும்" எண்டாரு.

பகல் லுஹர் தொழுதுட்டு மண்டபத்துக்குத் தனியாப் போனன். நல்ல வெயில், கச்சான் காத்து நெருப்பு மாதிரி அடிக்குது, மண்ண அள்ளிக் கொட்டுது, அதால கதவு ஜன்னலெல்லாம் சாத்தித்தான் வெச்சன். தகரக் கூர இடுக்கால வெளிச்சம் வந்துக்கிட்டிரிந்திச்சி, இருட்டெண்டு சொல்ல ஏலாது. ஸ்டூலப் பின்சுவரோட ஒட்டிப் போட்டுட்டு, தண்ணிச் சட்டிக்குக் கிட்ட இரிந்து சேட்டக் கையில வெச்சிக்கிட்டுத் தொடங்கினன்.

"மாமி, எல்லாத் தோணியும் வந்திட்டு. இவர மட்டும் காணல்ல."

சொல்லிட்டு பரீனாட வசனத்துக்கு இடம் உட்டன், மனசுக்குள்ள அவட வசனத்தச் சொல்லிக்கிட்டு. அப்பதான் வந்திச்சி.

"வருவான் புள்ள. வெளக்கக் கொளுத்து."

நம்புறண்டா நம்புங்க, இல்லாட்டி உடுங்க. வெத்தில வாயில அடக்கிக்கிட்டுக் கதைக்கிற மாதிரி ஒரு வயசு போன பொம்புளட குரல், ஸ்டூல் இரிந்த பக்கமிரிந்துதான் வந்திச்சி. ஸ்டூல்ல ஆரும் இல்ல. காத்துத்தான் காதில அப்புடி உழுகுது எண்டு நெனச்சன், ஆனா கதவு ஜன்னலெல்லாம் சாத்திக் கெடக்கு.

ஓடிரிக்கலாம். கதவு கிட்டத்திலதான். ஆனா ஓடினா நாளைக்கு அந்த மேடையில ஏற என்ட கால் வராது, அது எனக்கு நல்லாத் தெரியும். பிஸ்மி சொல்லிட்டு அடுத்த வசனத்தச் சொன்னன். குரல் பதில் சொன்னிச்சி. எங்கட வசனம்தான், ஒரு சொல்லும் மாறல்ல. நான் ஒரு இடத்தில தடுமாறி நிண்டன், அதுவும் எனக்காகப் பொறுத்து நிண்டிச்சி. அந்தப் பொறுத்து நிண்டதுதான் குரல விடவும் எனக்குப் பயம். அப்புடியே கடைசிக்கிட்ட வந்து சேட்டத் தண்ணியில நனைக்கப் போறன்,

"கழுவாத புள்ள. அவன்ட வாசன போயிரும்."

இது எங்கட நாடகத்தில இல்ல. நாங்க எழுதின இல்ல. சேட்டச் சட்டிக்கு வெளிய போட்டன், அதோட சத்தமும் நிண்டிட்டு.

அண்டைக்கு ஆருக்கும் மூச்சு உடல்ல. சொன்னாப் பயத்தில கதைக்கிறாண்டு பரீட்சைக்கே ஏத்த மாட்டாங்க.

மற்ற நாள் வெறும் ஸ்டூலோட மேடை ஏறினன். ஒரு குரலும் வரல்ல. கடைசியில சேட்ட நனைக்கப் போய் நிறுத்திட்டு, ஸ்டூலப் பாத்து நானே கேட்டன்: "கழுவ வேணாங்கிறீங்களா மாமி? வாசன போயிருமா?" சேட்ட மூஞ்சில வெச்சிக்கிட்டு அழுதன், அது நடிப்பில்ல. பரீட்சிக்க வந்திரிந்த ஒரு அம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சிக்கிட்டாங்க. பாஸ்.

அண்டைக்கே பஸ்ஸப் புடிச்சி நேரா நிந்தவூருக்குப் போனன், பரீனாக்கிட்ட சொல்ல. காய்ச்சல் உட்டிரிந்திச்சி, கஞ்சி குடிச்சிக்கிட்டிரிந்தா. நான் வாய் தொறக்க முதல் அவ தொடங்கிட்டா.

"நேத்து லுஹருக்குப் புறகு காய்ச்சல் கூடி மயங்கிக் கெடந்தன்டி. அப்ப ஒரு கனவு. மண்டபத்தில ஸ்டூல்ல இரிக்கன், நீ சேட்டக் கையில வெச்சிக்கிட்டுக் கதைக்கிற. முழுக்க ஒத்திக பாத்தம். நீ ஒரு இடத்தில மறந்து நிண்ட, நானும் பொறுத்து நிண்டன்."

சரி, அவதான், எப்புடியோ அவட குரல்தான் வந்திரிக்கி எண்டு மனசு கொஞ்சம் ஆறினிச்சி.

"அப்ப கழுவாத எண்டு சொன்னதும் நீதானே?"

கரண்டியக் கோப்பையில வெச்சிட்டா. "அத நான் சொல்லல்ல. எனக்குப் பின்னால இரிந்தவதான் சொன்னா."

"ஆருடி?"

"தெரியா. நான் திரும்பிப் பாக்கல்ல."

அவ்வளவுதான். நான் முப்பது வருசத்துக்கு மேல நாடகம் படிப்பிச்சிட்டன், வாப்பாவே வந்திரிந்து பாத்திரிக்காரு. அந்த ஸ்டூலுக்குப் பின்னால ஒரு ஆள் இரிக்க இடமே இல்ல, சுவர்தான், அது எனக்கு நல்லாத் தெரியும். பரீனாவும் நானும் இண்டைக்கும் போக்குவரத்து. கலியாண ஊடு, மௌத்து ஊடு எங்க போனாலும் அவ நடுவில இரிக்க மாட்டா, சுவரோரமாத்தான். இரிக்க முதல் பின்னுக்குக் கைய நீட்டித் தடவிப் பாப்பா, புறகுதான் இரிப்பா. என்னத்தத் தேடுறாண்டு நான் கேக்கிறல்ல. ஒருநாள் கை சுவரில்லாத வேற எதிலயாவது பட்டிருமோண்டு எனக்குப் பயம்.