உரசாது என்று சொன்ன டயர்

எங்கள் மெயின் ரோட்டில் டயர்க் கடை வைத்திருப்பவர் என்னிடம் பொய் சொன்னார். தெரியாமல் சொன்னதல்ல, தெரிந்தே சொன்ன பொய். அதை நம்பி, ஒன்பது மாதக் கர்ப்பிணியான என் மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து வண்டி ஓட்டினேன்.

நான் சேக்காட்டில் இருக்கிறேன். டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கையில் இருப்பது ஒரு சின்னக் கார், இன்னொருவர் ஓட்டி எனக்கு விற்றது. மகளைத் திருநின்றவூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பிறகு வலி எப்போது வந்தாலும் பூந்தமல்லிப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்ட வேண்டும். அதை நினைத்துத்தான் டயரைப் பார்த்தேன். நான்கும் வழுக்கையாக இருந்தன. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

"பிரசவம் பொண்ணுக்கா உங்களுக்கா?" என்று என் மனைவி கேட்டாள். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

கடைக்குப் போனேன். பழைய டயரில் 145/80 R13 என்று இருந்தது. அதே அளவு வேண்டும் என்றேன்.

"அது இப்ப வர்றதில்ல சார்," என்றார் கடைக்காரர். "நூத்தி அறுவத்தஞ்சு கீது. ரிம்மு அதே பதிமூணுதான். போட்டு பாருங்க, வண்டி சும்மா கிண்ணுனு நிக்கும்."

"அகலம் அதிகமா இருக்கே. உயரமும் ஏறுமே."

"இன்னா சார், ஆபரேசனுக்கு வந்தவரு மாதிரி மூஞ்சிய வெச்சிகினு கீறீங்க? டயர்தான மாத்தறோம். கால் டாக்சி ஓட்றவங்க எல்லாம் இதே வண்டிக்கு இதத்தான் போட்டுகினு கீறாங்க. கம்பெனிக்காரனே ரெண்டு சைசும் போடலாம்னு கதவாண்ட எழுதி வெச்சிருப்பான், பாருங்க."

கதவைத் திறந்து பார்த்தேன். ஓட்டுநர் பக்கத் தூணில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். எந்த அளவு டயர், எவ்வளவு காற்று, எல்லாம் அதில் இருக்கும். என் வண்டியில் ஸ்டிக்கர் இருந்தது, எழுத்து இல்லை. அழித்தது நான்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வண்டியைக் கழுவி, சந்தனம் குழைத்து, குங்குமம் வைப்பேன். கதவைத் திறந்தால் பளிச்சென்று வெள்ளையாக ஒரு சதுரம் தெரியும்போது பொட்டு வைக்க அதைவிடத் தோதான இடம் எது? சந்தனம் காய்ந்து கறையான பிறகு மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ப்பேன். கறையோடு எழுத்தும் போய்விட்டது. ஃபேக்டரியில் மீட்டர் கண்ணாடி மேலும், அளவு எழுதிய தகட்டின் மேலும் யாரையும் பொட்டு வைக்க விடமாட்டேன். அதற்காகப் புதிதாக வந்தவர்களிடம் சண்டையே போட்டிருக்கிறேன். சொந்த வண்டியில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். எழுத்து இல்லாததைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதை நான் பார்த்தேன்.

"டயர் மேல பாடில உரசாதா?" என்றேன்.

"உரசாது."

"அஞ்சு பேர் ஏறினா?"

"பத்து பேர ஏத்துங்க சார். உரசுனா வந்து என் சட்டைய புடிங்க."

அப்போது டயர் மாட்டுகிற பெரியவர், என்னைவிட வயதில் மூத்தவர், பின் சக்கரத்துக்குள் கையை விட்டு அளந்து பார்த்துவிட்டு, "முதலாளி, லோடு ஏறுனா பின்னாடி இடிக்கும் போலகீதே," என்றார். "நீ ஒன் வேலைய பாரு நைனா," என்றார் கடைக்காரர். என் காதில் விழுந்தது. விழுந்தும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே டயர் மாட்டியாக வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டயரைப் பற்றித் தெரிந்தவர் நானில்லை, கடைக்காரர்.

நான்கு டயருக்கும் காற்று நாற்பது வைத்தார். அதிகமில்லையா என்று கேட்டேன். டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைக் காட்டி, "இவ்ளோ வரிக்கும் தாங்கும்னு இதுலயே போட்டுகீது, நாப்பது இன்னா பெருசு?" என்றார். தாங்குவது வேறு, வைக்க வேண்டியது வேறு. அந்த எண் டயரின் உச்ச வரம்பு, வண்டிக்கு வைக்க வேண்டிய அளவல்ல. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாரம் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அண்ணனூர் வரை போய்த் திரும்பினேன். சத்தம் இல்லை. ஆனால் சின்னக் கல்லில் ஏறினால்கூட வண்டி தூக்கிப் போட்டது. காலையில் எழுந்ததும் பல் விளக்காமல் போய் டயரைக் குனிந்து பார்ப்பேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆளை ஏற்றி ஓட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

வளைகாப்பு அன்று திரும்பும்போதுதான் வண்டி நிறைந்தது. முன்னால் நானும் மருமகனும். பின்னால் மகள் நடுவில், ஒரு பக்கம் என் மனைவி, இன்னொரு பக்கம் என் மச்சினி. டிக்கியில் சீர்த் தட்டுகள், மகளின் இரண்டு பெட்டிகள், மீந்த புளியோதரையும் எலுமிச்சை சாதமும் இருந்த இரண்டு தூக்குகள். மகள் கை நிறைய வளையல். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது கலகலவென்றது.

முதல் வேகத்தடையில் பின்னாலிருந்து 'டர்ர்' என்றது. பெட்டி நகர்ந்திருக்கும் என்றாள் மச்சினி. அடுத்த பள்ளத்தில் மறுபடியும். மூன்றாவது முறை ரப்பர் தீய்கிற நாற்றம் உள்ளே வந்தது.

"அப்பா, என்னப்பா அது?"

"ஒண்ணுமில்லம்மா," என்றேன். கடைக்காரர் என்னிடம் பேசிய அதே குரலில்.

பட்டாபிராம் தாண்டுவதற்குள் தூறல் பிடித்தது. எங்களுக்கு முன்னால் போன தண்ணீர் லாரி திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. லாரியின் பின்பக்கக் குழாயில் இருந்து சொட்டுகிற தண்ணீரை எண்ணலாம் போல அவ்வளவு கிட்டத்தில் போய் நின்றது. வளையல் சத்தம் ஒரே தடவை பெரிதாகக் கேட்டது, பிறகு இல்லை. திரும்பிப் பார்த்தேன். மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஓரம் கட்டினேன். மருமகன் இறங்கிப் பின் சக்கரத்தைப் பார்த்தார். "மாமா, சக்கரத்துக்கு மேல இருக்கிற பாடித் தகட்டோட விளிம்பு டயர் ஓரத்த அறுத்திருக்கு. உள்ள நூல் தெரியுது."

"திரும்பப் போயிடலாமா?" என்றேன்.

என் மனைவி வெடித்தாள். "வளைகாப்பு முடிஞ்சு படி தாண்டின பொண்ணு. பிள்ளையோட இல்லாம மறுபடி அந்தப் படி ஏறுவாளா? என்ன பேசுறீங்க?"

"நான் பேசாம ட்ரெயின்லயே வந்திருப்பேன்," என்றாள் மகள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள்.

ஆட்டோ பிடித்துப் பெண்கள் மூன்று பேரையும் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நானும் மருமகனும், டயர் ரோட்டைப் பிடிக்கட்டும் என்று காற்றைக் குறைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தோம். நடுவில் போன் அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று மனைவி சொன்னாள். வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் என் வண்டி மாதிரியே இன்னொன்றைத் தேடினேன். அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடி வாசலில் கண்டேன். முன்பின் தெரியாதவர். "கதவைக் கொஞ்சம் திறந்து காட்ட முடியுமா?" என்று கேட்டதும் என்னைத் திருடன் மாதிரி பார்த்தார். விஷயத்தைச் சொன்ன பிறகு திறந்தார். ஸ்டிக்கரில் ஒரே ஒரு அளவுதான் இருந்தது, நூற்று நாற்பத்தைந்து. காற்று முப்பத்திமூன்று. ஆள் நிறைந்தால் பின்னால் மட்டும் முப்பத்தாறு. இரண்டாவது சைஸ் என்று ஒரு எழுத்தும் இல்லை. அதே அம்பத்தூரில் இரண்டு தெரு தள்ளி அந்தச் சைஸ் டயரும் கிடைத்தது. வருவதே இல்லை என்றாரே, அந்த டயர்தான்.

அறுபட்ட டயரைப் படம் எடுத்து எங்கள் நகர் வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். கடைக்காரரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். அங்கே ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பினார்: "சார், நீங்க பெரியவரு. இத்தப் போயி எல்லாருக்கும் போட்டுகினு. கடைக்கு வாங்க, வேற நாலு டயர் சும்மாவே மாட்டித் தரேன். நமக்குள்ள பேசிக்கலாம்."

நமக்குள் பேச என்ன இருக்கிறது? எனக்கு டயர் கிடைத்துவிட்டது. சரியான அளவு, சரியான காற்று. அப்படியும் தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன். மகளுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. வலி வந்தால் இந்தச் சாவியைத்தான் கையில் எடுக்கப்போகிறேன். இப்போதைய டயர் சரி என்று எனக்குத் தெரியும், என் கால் அதை நம்பமாட்டேன் என்கிறது.

கடைக்காரரே, இதே சைசை எத்தனை பேருக்கு மாட்டியிருக்கிறீர்கள்? கால் டாக்சிக்காரர்கள் என்று நீங்களே சொன்னீர்கள். அவர்கள் பின் சீட்டில் யார் யார் உட்கார்ந்து போகிறார்கள்? ஆள் ஏறினால் உரசும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் அந்த வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டீர்களா? எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். குரூப்பில், எல்லாரும் படிக்கிற இடத்தில், எழுதுங்கள்.