எந்தக் கேன்சல்?

செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் ஆபீஸ் அறையில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன். தேதி பதிவதுதான் வேலை. எந்த நாளில் யார் வீட்டுக் கல்யாணம், எந்த ஊர், போன் நம்பர், எத்தனை இலை என்று எல்லாம் எக்செல் ஷீட்டில் ஏற வேண்டும். மண்டபத்தில் சாப்பிட வருகிறவர்களைத் தலையால் எண்ணுவதில்லை, இலையால்தான் எண்ணுவார்கள். ஐந்நூறு இலை என்று சொன்னால் போதும், சமையல்காரர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

எனக்கு மேலே ஒரு மேனேஜர் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அன்றைக்கு அவர்தான் ஷீட்டைத் திறப்பார். திறந்தால் எதையாவது அழிக்காமல் மூடமாட்டார். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஆவணி மாதம் முழுவதையும் காணவில்லை. கேட்டேன்.

"நான் தொடவே இல்லம்மா. அதுவா போயிடுச்சு" என்றார்.

ஆவணி மாதம் தானாக எங்கே போகும்? பஸ் பிடித்து மேல்மலையனூருக்கா? எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் ஏதாவது செய்யும். அன்று மாலையே யூடியூபில் உட்கார்ந்து மேக்ரோ எழுதக் கற்றுக்கொண்டேன். மேக்ரோ என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஷீட்டுக்குப் பின்னால் நாலு வரி எழுதி வைத்தால், யாராவது எதையாவது தொடும்போது திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்து நாம் சொல்லி வைத்ததைச் சொல்லும். பொத்தானை அமுக்கினால்தான் வழி விடும்.

முதலில் நல்ல காரியத்துக்குத்தான் எழுதினேன். யாராவது காதுகுத்துக்கு அமாவாசைத் தேதியைப் பதிந்தால் பெட்டி வந்து எச்சரிக்கும். அன்றைக்கு இந்தப் பக்கத்து பஸ்ஸெல்லாம் மலையனூர்க் கோயில் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும், தொண்டூரிலிருந்து கிளம்புகிற தாய்மாமன் பந்தி முடிந்து கை கழுவுகிற நேரத்துக்குத்தான் வந்து சேருவார். இதைத் தமிழில் அழகாக அடித்தேன். பெட்டியில் ஒரு எழுத்துகூட வரவில்லை. வரி முழுக்கக் கேள்விக்குறியாக நின்றது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இத்தினி கேள்வி கேக்குது? எதுக்குன்னு பதில் சொல்றது?"

மேக்ரோ எழுதும் இடத்துக்குத் தமிழ் எழுத்து ஆகாதாம். வாட்ஸாப்பில் எழுதுவதுபோல ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன். வேலை செய்தது. அங்கேதான் எனக்குக் குறும்பு தலைக்கேறியது.

மேனேஜருக்கு ஒரு பழக்கம் உண்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு மேஜை முழுக்கத் தேடுவார். ஷீட்டைத் திறந்தவுடன், 'kannadi thalaimel irukku sir' என்று பெட்டி வரும்படி எழுதி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறார். தலையைத் தொட்டிருக்கிறார். கண்ணாடி இருந்திருக்கிறது. திங்கட்கிழமை நான் போனபோது மனிதர் பேயறைந்ததுபோல உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இது நம்பள பாக்குதா?"

"பார்க்கும் சார். புது மாடல்."

அடுத்தது மூக்குப்பொடி. காலையில் பதினோரு மணிக்கு அவர் டப்பாவைத் தட்டித் திறப்பார் என்பது எனக்குத் தெரியும். சரியாகப் பதினோரு மணிக்கு வரும்படி 'podi vendam sir' என்று ஒரு பெட்டி வைத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தவர் பொடி என்று படிக்கவில்லை, போடி என்று படித்தார்.

"யாரம்மா போடிங்குது? உன்னையா, என்னையா?" என்று எழுந்தே விட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடினேன். அதற்கப்புறம் பொடி போடுவதற்கு முன் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க ஆரம்பித்தார்.

ஒரு மாதம் போனதும் அவருக்குப் பயம் தெளிந்துவிட்டது. எந்தப் பெட்டி வந்தாலும் படிக்காமல் பட்டென்று தட்டிவிடுவார். அந்தக் காலத்தில் டிக்கெட் கிழித்த கை அல்லவா, வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. அதனால் கடைசியாக ஒரு பெட்டியைக் கனமாக எழுதினேன். பதிவை நேராக அழிக்க முடியாதபடி பூட்டிவிட்டேன்; அதற்கு எதிரே ரத்து என்று அடித்தால், 'Indha booking cancel seiyalama?' என்று அது கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள், ஓகே, கேன்சல். ஓகே என்றால் பதிவு நீங்கித் தேதி பச்சையாகிவிடும். கேன்சல் என்றால் எதுவும் நடக்காது, பதிவு பழையபடி நிற்கும். இனிமேல் ஒரு மாதமும் காணாமல் போகாது என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. எங்கள் நைனாவிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

எங்கள் மண்டபத்தில் இலை எடுக்கிற அக்கா ஒருவர் இருந்தார். பந்தி முடிந்ததும் இலைகளை மடித்து, அள்ளி, மேஜையைத் துடைத்து, அடுத்த பந்திக்கு இடம் செய்கிற வேலை. இருபது வருடமாக அதே வேலை, அதே கூடம். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சாம்பார் அடிவண்டலோடு கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் மகளுக்குக் கல்யாணம் கூடியது. ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஆடிக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று அந்தத் தேதியில் நின்றார்கள். மண்டப முதலாளியும் அக்காவிடம், "தேதி காலியா இருந்தா இங்கயே நடத்திக்கோ" என்று சொல்லியிருந்தார். ஷீட்டில் அந்தத் தேதி சிவப்பாக இருந்தது, அனந்தபுரத்துப் பார்ட்டி ஒன்று ஏற்கெனவே எடுத்திருந்தது.

பங்குனியிலிருந்து தினமும் காலையில் துடைப்பத்தோடு என் அறை வாசலில் வந்து நிற்பார்.

"இன்னா பாப்பா, பொட்டி இன்னா சொல்லுது?"

"ஆள் இருக்குதுக்கா."

"யார்னா வேணான்னு சொன்னா சொல்லு."

ஒருநாள் கேட்டேன், கோயிலில் தாலி கட்டித் தெருவில் பந்தல் போட்டுச் சோறு போட்டால் ஆகாதா என்று. அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தாலி எங்க கட்டினா இன்னா பாப்பா. இந்தக் கூடத்துல நான் ஒருநாள் மொதல் பந்தியில உக்காரணும். என் எலைய வேற ஒருத்தர் எடுக்கணும். அவ்ளோதான்."

ஷீட்டை மறுபடி திறந்து பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. சித்திரை போனது, வைகாசி போனது. அக்கா கோயிலில் கல்யாணம் என்று பத்திரிகை அடித்துவிட்டார். பத்திரிகை அடித்த பிறகும் காலையில் வந்து கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சமையல்காரர் கேட்கிறாரே என்று அந்த அனந்தபுரத்துப் பார்ட்டிக்குப் போன் செய்தேன்.

"சார், எத்தனை இலை?"

"இன்னா எலை?"

"உங்க பையன் கல்யாணத்துக்கு."

எதிர்முனையில் மனிதர் கொதித்துவிட்டார். "ஏம்மா, வெந்த புண்ணுல வேல பாய்ச்சுறீங்களா? அந்தச் சம்பந்தம் நின்னு நாலு மாசமாவுது! மாசியிலயே போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டனே! உங்க மேனேஜருதான எடுத்தாரு?"

மேனேஜரைப் பிடித்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி யோசித்தார். இறங்கிப் போன பயணியைக் கண்டக்டர் எங்கே நினைவில் வைத்திருப்பார்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

"ஆமாம்மா, ஒரு ஞாயித்துக்கெழம போன் வந்துச்சு. அப்பவே கேன்சல் பண்ணிட்டனே."

"எப்படிப் பண்ணீங்க?"

"ரத்துன்னு அடிச்சேன். உன் பொட்டி வந்துச்சு. இந்த வாட்டி நல்லாப் படிச்சேம்மா, சத்தியமா. கேன்சல் செய்யலாமான்னு கேட்டுச்சு. கீழ கேன்சல்னு ஒரு பொத்தான் இருந்துச்சு. அமுக்கிட்டேன்."

"சார், கேன்சல் பண்றதுக்கு ஓகேவ அமுக்கணும்!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னாம்மா பேசுற? ஓகேவ அமுக்கினா கல்யாணம் ஓகே ஆயிடாதா? வேணாங்கிறவன் கேன்சலத்தான அமுக்குவான்?"

மாதக்கணக்கில் ஒன்றையும் படிக்காமல் தட்டிய மனிதர் ஒரே ஒரு பெட்டியைப் படித்து, நியாயமாக யோசித்து, சரியான பொத்தானைத்தான் அமுக்கியிருக்கிறார். தப்பான பெட்டியை எழுதியவள் நான். அந்தத் தேதி மாசியிலிருந்து காலியாகக் கிடந்திருக்கிறது. தினமும் காலையில் ஒருத்தி வாசலில் வந்து நிற்க, ஆள் இருக்குதுக்கா என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன். அக்கா மேஜை துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கையில் ஈரத்துணியோடு என் பக்கம் திரும்பினார்.

"நாலு மாசமா காலியா இருந்த எடத்தையா உன் பொட்டி ஆள் இருக்குதுன்னு சொல்லுச்சு?"

"பொட்டி இல்லக்கா. நான்தான். அதுல எழுதினது நான்."

அக்கா நாலு வார்த்தை திட்டினார். அவை அச்சில் ஏறாது. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். பிறகு துணியைப் பிழிந்து வாளியில் போட்டார்.

"பத்திரிகை எல்லாம் நீயே திருத்து. அன்னிக்கு எனக்கு எலையும் நீயே போடு. நீயே எடு."

இருநூற்றுச் சொச்சம் பத்திரிகையில் கோயில் பெயருக்குக் கீழே, 'விருந்து மண்டபத்தில்' என்று பேனாவால் எழுதினேன். மேனேஜரும் பாதி எழுதினார். அவர் எழுதியதில் 'விருந்து' பல இடங்களில் 'மருந்து' மாதிரி இருந்தது. யாரும் பயந்து வராமல் இருக்கவில்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் போட்டோவுக்குக் கோட்டைப் பக்கம் போய்விட்டு வேர்த்து விறுவிறுத்துத் தாமதமாக வந்தார்கள். முதல் பந்திக்கு அக்கா பட்டுப்புடவையில் நடு வரிசையில் போய் உட்கார்ந்தார். உறவுக்காரி ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணப் பெத்தவ மொதல் பந்தியில உக்காருவாளா?" என்றாள்.

"நான் இருவது வருசம் கடைசிப் பந்தி உக்காந்தவ. நீ போய்க் கடைசியில உக்காரு, நல்லா இருக்கும்" என்றார் அக்கா.

நான் இலையைப் போட்டேன். பதற்றத்தில் நுனி வலது பக்கம் போய்விட்டது. "நுனி இந்தாண்ட" என்று அக்கா கண்ணாலேயே காட்ட, திருப்பிப் போட்டேன். அவர் அவசரமே படவில்லை. சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை சோறு கேட்டார். பக்கத்தில் எல்லாரும் எழுந்து கை கழுவப் போனார்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். நான் குனிந்தேன்.

"இலையை எடுக்கலாமாக்கா?"

அக்கா இடது கையை இலை ஓரத்தில் வைத்துக்கொண்டார். "கேன்சலு" என்றார்.

"எந்தக் கேன்சல்க்கா? மேனேஜர் கேன்சலா, பொட்டி கேன்சலா?"

"பொட்டி கேன்சலு" என்றார். "பழையபடி நிக்கட்டும். இன்னும் பாயாசம் வரல."