கை ஆடினால்தான் ஆள்

வேலையாட்கள் எல்லார் கையிலும் புதிதாகக் கட்டிவிட்ட பட்டை ரத்தத்திலிருந்து கரண்ட் எடுக்கிறதாம். சலவைக்காரர் சமையல்காரரிடம் சொல்ல, சமையல்காரர் மதியச் சாப்பாட்டுத் தட்டுகளோடு அந்தச் செய்தியையும் சேர்த்து மாடிக்கு அனுப்பியிருந்தார்.

"பேட்டரியே கிடையாதாம்க்கா. நம்ம உடம்புலேர்ந்துதான் உறிஞ்சுதாம். மருந்து வேன் ஓட்டறவரோட மச்சானுக்கு அதைக் கட்டின நாள்லேர்ந்து தலைசுத்தலாம்" என்றாள் தட்டுகளைக் கொண்டுவந்த பெண்.

நிதானம் அக்கா தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "என் ரத்தத்துல அவ்வளவு கரண்ட் இருந்திருந்தா, என் மாமியார் வாயில நான் ஏன்டி விழுந்திருக்கப் போறேன்?"

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்த முதியோர் இல்லத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அதற்கு முன்னால் அவளுக்குக் கிடைத்த பெயர்கள் இவ்வளவு மரியாதையானவை அல்ல. பெட்டி கட்டும் கம்பெனியில் நகரும் பட்டையில் வந்த டப்பாக்கள் அவள் முன்னால் குவிந்து கீழே உருண்டன, வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் கூடத்தில் தையல் நேராகத்தான் வந்தது, சட்டைதான் வரவில்லை, அங்கிருந்தும் அனுப்பினார்கள். "இவ வெங்காயம் உரிச்சு முடிக்கறதுக்குள்ள பசி வந்து, போயி, திரும்பவும் வந்துடும்" என்று மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் கணவர் மட்டும், "விடும்மா, முதல் கோட்டு காயாம ரெண்டாவது கோட்டு அடிக்க முடியுமா?" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் பல வருஷம் குடும்பம் நடத்தினாள்.

இந்த இல்லத்துக்கு அவள் கூட்டித் துடைக்கத்தான் வந்தாள். ஆள் பற்றாத ஒரு மதியம், பக்கவாதம் வந்தவர்கள் இருக்கும் இரண்டாம் மாடியில் அவள் கையில் ஸ்பூனைக் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த மாடியில் ஒருவருக்கும் புரை ஏறவில்லை. ஸ்பூன் அவளிடமே தங்கிவிட்டது. உலகம் முழுக்கத் தேடினாலும் மெதுவான கைக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்திருக்கும் போல. அது தேடாமலே அவளுக்குக் கிடைத்தது.

விழுங்குவது ஒரு வேலை என்பது அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், முகவாய் தாழ்ந்திருக்க வேண்டும். மசித்த சாப்பாடு அரை ஸ்பூன். தொண்டை மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு வார்த்தை பேசச் சொல்ல வேண்டும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளத்தால் சோறு இன்னும் வழியில் நிற்கிறது என்று அர்த்தம். அவசரப்பட்டால் அது நுரையீரலுக்குப் போகும். காய்ச்சல் வரும். மற்றது கடவுள் விட்ட வழி.

மூலைக் கட்டிலில் இருந்த டிரைவர் ஐயாவுக்கு வாயில் மிச்சமிருந்ததே ஒரு வார்த்தைதான்: "ரைட்." வாழ்நாளெல்லாம் கண்டக்டர் குரலுக்கு பஸ் எடுத்தவர், இப்போது ஒவ்வொரு வாய்க்கும் தானே கண்டக்டரானார். "ரைட்" தெளிவாக வந்தால் அடுத்த ஸ்பூன். அவருக்கு மூக்கில் குழாய் போட்டு முன்பு ஒருமுறை பார்த்தாயிற்று. அதைப் பிடுங்கினார் என்று இரண்டு கையையும் கட்டில் கம்பியில் கட்டிவைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள் போனில் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள். அவர் மறுபடி வாயால் சாப்பிடப் பழகியது நிதானம் அக்காவின் கையில்தான். மகள் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் அக்காவின் போனுக்கே கூப்பிடுவாள். "அப்பா சாப்பிட்டாராக்கா?" அதைத் தவிர வேறு எதையும் கேட்கப் பயந்தவள் மாதிரி அதையே கேட்பாள்.

ரத்தக் கதையைக் கேட்டு ஆபீஸ் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"யாருக்கா கிளப்பி விட்டது? உள்ள சின்னக் காந்தம் இருக்கு, சுத்திக் கம்பிச் சுருள். கை வீசினா காந்தம் ஓடும், துளி கரண்ட் வரும். அதை வச்சுப் பட்டை தான் எங்க இருக்குன்னு கூரைல இருக்கற பெட்டிக்குச் சொல்லும். அவ்வளவுதான். பேட்டரி வாங்க வேணாம், தூக்கிப் போட வேணாம்."

கெட்டிக்காரத்தனமான பொருள்தான். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை வாங்கிக் கட்டிவிட்டவர்களில் ஒருவருக்காவது, கையை ஆட்டாமல் வைத்திருப்பதே வேலையாக உள்ள ஒரு ஜீவன் இந்தக் கட்டடத்தில் உண்டா என்று கேட்கத் தோன்றியதா? தாழ்வாரத்தில் ஓடுகிறவர்கள் எல்லாம் ஆபீஸ் திரையில் பச்சைப் புள்ளியாக மின்னினார்கள். ஸ்பூனோடு உட்கார்ந்தவளின் பட்டை சற்று நேரத்தில் கண் அசந்தது. புள்ளி சாம்பல் நிறமானது. சாம்பல் என்றால் ஆள் இல்லை.

மேற்பார்வை மேடம் அழைத்தார்.

"தினமும் சரியா சாப்பாட்டு வேளைல எங்க போயிடறீங்க?"

"எங்கயும் போகல மேடம். ஊட்டிக்கிட்டுதான் இருக்கேன்."

"சிஸ்டம் அப்படிச் சொல்லலையே."

"சிஸ்டம் சாப்பிட்டிருந்தா சொல்லியிருக்கும் மேடம்."

நாக்கை அடக்கியிருக்கலாம். மேடத்தின் முகம் போன போக்கைப் பார்த்தபோதே அவளுக்கு அது தெரிந்தது. "இன்னொரு தடவை ஆள் காணோம்னா வார்டை மாத்திடுவேன்" என்றார் மேடம்.

கீழே சலவை அறையில் வேறு கூத்து. சலவைக்காரர் தன் பட்டையைத் துவைக்கும் இயந்திரத்தின் கைப்பிடியில் கட்டிவிட்டு, துணிமூட்டை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இயந்திரம் உதறிய உதறலில் அவர் இல்லத்திலேயே அதிகம் உழைப்பவர் ஆகிவிட்டார். அவர் படம் வரவேற்பறையில் தொங்கியது.

"உனக்கும் கட்டி விடறேன்க்கா" என்றார். "சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கொடு. என் இயந்திரம் உனக்கும் சேர்த்து ஆடட்டுமே, அதுக்கென்ன வலிக்குதா?"

பொய் சொல்லப் பிடிக்காதவள்தான். ஆனால் இருக்கிற ஆளை இல்லையென்று சொல்வதைவிடவா இது பெரிய பொய்? அன்று மதியம் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். டிரைவர் ஐயா முழுத் தட்டும் காலி செய்தார். திரையில் அவளுடைய புள்ளி பச்சைப் பசேலென்று மின்னியது. சலவை அறையில்!

புள்ளிக்கு உயிர் மட்டுமல்ல, இடமும் உண்டு என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. ஆபீஸ் தம்பி அன்றைக்கே சொன்னதுதான்.

"சாப்பாட்டு நேரம் முழுக்க சலவை ரூம்ல என்ன வேலை?" என்றார் மேடம். அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பட்டை செத்துப்போவதையும் சொன்னாள், வேண்டுமானால் பக்கத்தில் வந்து நின்று பாருங்கள் என்றும் சொன்னாள். மேடம் காதில் ஏறியது ஒன்றே ஒன்று: ஏமாற்று வேலை. "அந்த இடம்தான் பிடிச்சிருக்குன்னா அங்கயே இருங்க."

மறுநாளிலிருந்து அவள் போர்வை மடித்தாள்.

மாடியில் ஸ்பூன் ஒரு இளம்பெண்ணிடம் போனது. அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கையிலும் பட்டை இருந்தது. ஒரு வாய் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள், திரும்பி ஓடிவந்தாள். "ரைட்"டுக்காகக் காத்திருக்க அவளை யார் விட்டார்கள்? அவள் புள்ளி நன்றாக மின்னியது. அந்த வாரமே டிரைவர் ஐயாவுக்கு இருமல், அப்புறம் காய்ச்சல்.

அழுக்குப் போர்வைகளைக் கொண்டுவந்து போட்ட நர்ஸ் அக்காதான் விஷயத்தைச் சொன்னார். "காய்ச்சல் இறங்கிடுச்சு. ஆனா நாளைக்குக் குழாய் போடப் போறாங்க."

நிதானம் அக்கா பாதி மடித்த போர்வையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "கையைக் கட்டுவாங்களே சிஸ்டர்! மகளுக்குத் தெரியுமா?"

"மெயில் அனுப்பியாச்சாம். பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துப்பாங்க."

"பேசாம இருந்தா சம்மதமா? அப்ப எதுக்குக் கேக்கறாங்க?"

"எங்கிட்ட ஏன்க்கா கத்தறீங்க? பொண்ணு வேணாம்னு ஒரு வார்த்தை எழுதினா நிறுத்திடுவாங்க. நிதானமா ஊட்டற ஆளைப் போடுங்கன்னு அவங்க கேட்டா மேடமால தட்ட முடியாது. நாம கேட்டா குப்பைக்குப் போகும்."

நர்ஸ் போனதும் அவள் போனை எடுத்தாள். உறவினர்களுக்குத் தானாகக் கூப்பிடக் கூடாது என்பது இல்லத்து விதி.

"வேண்டாம்க்கா. வேலை போயிடும்" என்றார் சலவைக்காரர்.

"போகட்டும். இதுக்கு முன்னாடி போகாத வேலையா?"

பின்வாசல் வழியாக வெளியே வந்து, காயும் போர்வைகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள். அங்கே இப்போது என்ன நேரம்? அந்தப் பெண் வேலையில் இருக்கலாம். இந்த எண்ணைப் பார்த்ததும், வாரக் கடைசி இல்லையே, இப்போது ஏன் வருகிறது என்று பயந்து எடுக்கத் தயங்கலாம். ஐயோ, அப்படி ஒன்றுமில்லை, எடு தாயே. உங்கப்பா நல்லாத்தான் இருக்கார். அவருக்கு விழுங்கத் தெரியும், இவங்களுக்குத்தான் காத்திருக்கத் தெரியல. வேணாம்னு ஒரு வரி எழுதிப் போடு. ஒரே வரி.

முழுக்க அடித்து ஓய்ந்தது. யாரோ ஒருத்தி புரியாத மொழியில் எதையோ சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா மறுபடி அழுத்தினாள். போனைக் காதோடு இறுக்கி, அசையாமல் நின்றாள். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டிருந்தது.